பழைய பெட்டிக்குள்ளே செம்பும் ஈயமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. இன்று பல வீடுகளில் இரண்டு இருக்கின்றன. புதுப்பெட்டி வாங்கும் நாளைப் பற்றி விளம்பரங்கள் ஆயிரம் பேசுகின்றன. ஆனால் அப்பெட்டி பழுதாகி, பரணில் கிடந்து, ஒரு நாள் “பழைய இரும்பு, ஈயம், பித்தளை!” என்று குரல் கொடுத்து வருகிறவரின் வண்டியில் ஏறிய பிறகு என்ன ஆகிறது என்பதை நம்மில் பலர் அறியோம். நான் அறிவேன். அந்தக் குரல் என் தந்தையாருடையது.

தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு பகுதிகளில் மீன்பாடி வண்டியில் சுற்றிப் பழைய பொருள்களை வாங்கி, மந்தைவெளிப் பக்கம் ஒரு காயலான் கடையில் போடுவது அவர் தொழில். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பெட்டிகளிலிருந்து எடுத்த செம்பு விற்ற காசில் என் புத்தகங்கள் வாங்கப்பட்டன. ஆகவே இத்தொழிலை இழித்துரைப்பது என் நோக்கமன்று. வகுப்பறையில் நாம் படிக்கும் மின்னியலும் வேதியியலும் இத்தொழில் செய்வோருக்கு என்ன சொல்லித் தரும் என்று எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெட்டிகள் வந்த வழி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. மரப்பெட்டிக்குள் கறுப்பு வெள்ளைப் படக்குழாயுடன், இழுத்து மூடும் கதவுகளோடு வந்த சாலிடேர், டயனோரா பெட்டிகள் இந்நகரிலேயே தயாரானவை. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்ப்பதற்குப் பெட்டியுள்ள வீட்டு வாசலில் தெருவே கூடிய கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வர். 1982-ல் நம் நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது. 2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011-க்குள் ஒன்றரைக் கோடி அளவுக்கு 14 அங்குலப் பெட்டிகள் மக்களைச் சென்றடைந்தன. எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே அதன் திரையில் ஓடிய பெயர்களைப் பார்த்துத்தான்.

பின்னர்த் தட்டைத் திரைகள் மலிந்தன. பழையவை பரணுக்கும் மாடிப்படிக்கு அடியிலும் போயின. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதி வீடுகளுக்குள் புகுந்தபோது, நனைந்த மெத்தைகளோடு இப்பெட்டிகளும் தெருவுக்கு வந்தன. எனக்கு அப்போது பத்து வயது. வண்டி நிறையப் பெட்டிகள் வந்து இறங்குவதைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்தோம். அவற்றுக்குள் என்ன இருந்தது என்பது அன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

படக்குழாய் என்பது யாது?

1897-ல் ஜெர்மானிய அறிஞர் பிரவுன் எதிர்மின்வாய்க் கதிர்க் குழாயை உருவாக்கினார். அதே ஆண்டில் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்ததும் இதன் உறவுக்காரக் குழாய் ஒன்றில்தான். நம் ஆய்வுக்கூடத்தில் அலைவரைவியாக நாம் காணும் குழாயும், வீட்டில் படம் காட்டிய குழாயும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

குழாய்க்கு மூன்று பகுதிகள் உண்டு. பின்னால் ஒல்லியான கழுத்து. நடுவில் விரியும் கூம்பு. முன்னால் நாம் பார்க்கும் முகம். கழுத்திலுள்ள இழை சூடாகி எலக்ட்ரான்கள் புறப்படுகின்றன. கழுத்தின் மேல் மாட்டிய செம்புச் சுருள் அவற்றை மேலும் கீழும், இடமும் வலமும் வளைக்கிறது. அவை முகத்தின் உட்புறப் பூச்சில் மோதி ஒளி தருகின்றன. வழியில் காற்று இருந்தால் எலக்ட்ரான்கள் போய்ச் சேரா. ஆதலால் குழாய்க்குள் வெற்றிடம் வேண்டும். அவை வேகமாகப் பாய வேண்டுமாதலால் உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். மோதும்போது பிறக்கும் எக்ஸ் கதிர்களைத் தடுக்க வேண்டுமாதலால் கண்ணாடியில் ஈயம் வேண்டும். படம் தெரிவதற்குத் தேவைப்பட்ட இம்மூன்றுமே, பெட்டியை உடைப்பவருக்கு மூன்று ஆபத்துகளாக நிற்கின்றன.

முதல் ஆபத்து: காற்றின் எடை

நம் மேல் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. நமக்குள்ளும் காற்று இருப்பதால் நாம் அதை உணர்வதில்லை. படக்குழாய்க்குள் காற்று இல்லை. 14 அங்குலப் பெட்டியின் முகம் சுமார் 28 சென்டிமீட்டர் நீளமும் 21 சென்டிமீட்டர் உயரமும் உடையது. பெருக்கிப் பாருங்கள்: 588 சதுர சென்டிமீட்டர். அதாவது முகத்தின் மேல் மட்டும் ஏறத்தாழ 600 கிலோ! 25 கிலோ அரிசி மூட்டைகள் இருபத்துநான்கை அடுக்கியது போல.

சுத்தியால் அடித்தால் இக்கண்ணாடி முதலில் உள்நோக்கி நொறுங்கும். உள்ளே பாய்ந்த சில்லுகள் எதிர்ப்புறத்தில் மோதித் தெறித்து வெளியே வரும். முகத்தைச் சுற்றி இறுக்கிய இரும்புப் பட்டை ஓரளவுக்குப் பாதுகாப்புத் தருவது உண்மையே. ஆனால் உடைப்பவர்கள் முதலில் கழற்றுவது அந்தப் பட்டையைத்தான். எங்கள் தெருவில் ஒருவர் நெற்றியில் இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது. கண்ணுக்கும் காயத்துக்கும் இரண்டு விரல் தூரந்தான்.

இரண்டாம் ஆபத்து: மிச்சமிருக்கும் மின்சாரம்

“டிவிக்குள் இருபதாயிரம் வோல்ட் இருக்கிறது” என்று எல்லாரும் அஞ்சுவர். உண்மைதான். வண்ணப் படக்குழாயின் நேர்மின்வாயில் 20,000 முதல் 25,000 வோல்ட் வரை இருக்கும். குழாயின் உட்பூச்சும் வெளிக் கரிப்பூச்சும் இரு தகடுகளாகவும், நடுவிலுள்ள கண்ணாடி மின்காப்பாகவும் அமைந்து, குழாயே ஒரு மின்தேக்கி ஆகிவிடுகிறது. இணைப்பைத் துண்டித்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கலாம்.

இங்கே நம் பாடத்திலுள்ள சூத்திரம் ஒன்றைப் பயன்படுத்திப் பார்ப்போம். மின்தேக்கியில் சேரும் ஆற்றல், மின்தேக்குதிறனையும் மின்னழுத்தத்தின் இருமடியையும் பெருக்கி வருவதில் பாதி. குழாயின் மின்தேக்குதிறனை 1000 பிக்கோஃபாரட் என்றும், மின்னழுத்தத்தை 24,000 வோல்ட் என்றும் கொண்டால், ஆற்றல் 0.29 ஜூல்தான் வருகிறது. மின்சாரம் வந்து சேரும் பகுதியில் கட்டைவிரல் பருமனில் ‘400 வோல்ட்’ என்று அச்சிட்ட உருளை ஒன்று நிற்கும். மெக்கானிக்குகள் அதை மெயின் கெப்பாசிட்டர் என்பார்கள். 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். அவ்வுருளை 100 மைக்ரோஃபாரட் என்று கொண்டால் ஆற்றல் 5.3 ஜூல். அதாவது எல்லாரும் அஞ்சும் குழாயைவிட, எவரும் கவனிக்காத இந்தச் சிறு உருளை பதினெட்டு மடங்கு ஆற்றலைத் தாங்கி நிற்கிறது!

இதனால் குழாயின் அதிர்ச்சி அற்பமென்று எண்ணிவிடக் கூடாது. அந்த அடி பட்டவுடன் கை தானாக உதறும். கையிலிருக்கும் கண்ணாடி கீழே விழும். முதலாம் ஆபத்தை இரண்டாம் ஆபத்து அழைத்து வரும்.

பல மாதம் பரணில் கிடந்த பெட்டியில் மின்னூட்டம் பெரும்பாலும் வடிந்திருக்கும். அப்படியானால் ஆபத்து எப்போது? கடையில் பெட்டியை எடை போடுமுன், “ஓடுதா பார்ப்போம்” என்று பிளக்கைச் செருகிப் பார்ப்பது வழக்கம். ஓடினால் நல்ல விலை. ஓடாவிட்டால் உடனே திருப்புளியால் முதுகைத் திறப்பார்கள். அந்த ஐந்து நிமிடந்தான் ஆபத்தான நேரம். சோதித்துப் பார்த்த பெட்டியை அன்றைக்கே திறக்கலாகாது என்ற ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதி விபத்துக்கு இடமில்லாமற் போகும்.

மூன்றாம் ஆபத்து: ஈயம்

முதலிரண்டும் நொடியில் தெரிந்துவிடும். மூன்றாவது பல ஆண்டு கழித்தே தெரியும். வண்ணப் படக்குழாயின் கூம்புக் கண்ணாடியில், எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு கலந்திருக்கிறது. முகத்தில் ஈயம் மிகுந்தால் கண்ணாடி நாளடைவில் பழுப்பேறும் என்பதால் அங்கே பேரியமும் ஸ்ட்ரான்சியமும் சேர்த்தார்கள். முகத்தையும் கூம்பையும் ஒட்டிய பசைக் கண்ணாடியிலோ ஈயமே பெரும்பங்கு. முகத்தின் உட்புறத்தில் மாவுபோல் படிந்திருக்கும் ஒளிரும் பூச்சில் துத்தநாக சல்ஃபைடு முதலியன உண்டு. பழைய குழாய்கள் சிலவற்றில் காட்மியமும் உண்டு.

குழாய் முழுதாக இருக்கும்வரை ஈயம் கண்ணாடிக்குள் சிறைப்பட்டிருக்கிறது. உடைத்துப் பொடியாக்கினால் தூசியாகிறது. தூசி கையில் ஒட்டும். கை சோற்றில் படும். சட்டையில் ஒட்டி வீட்டுக்கும் வரும். அதைத் துவைப்பவர் தாயார். அவர் அருகே தரையில் விளையாடுவது குழந்தை. உடலுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு ஈயத்துக்கு இல்லை என்பதும் அந்நிறுவனத்தின் கூற்றே. படிப்பும் நினைவாற்றலும் குன்றும் என்பதைப் படித்தபோது, ஏழு வயதுத் தம்பி உடையவளான எனக்கு அது வெறும் பாடமாகப் படவில்லை.

உலோகம் எங்கே இருக்கிறது?

இதையெல்லாம் ஓர் இரவு தந்தையாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “சரிதான் கண்ணு. ஆனா முழுக் குழாய எவன் வாங்குவான்? இடத்த அடைக்கும். ஒடச்சா உள்ள இருக்கற இரும்பாவது தேறும்.”

நியாயமான கேள்வி. ஆகவே ஒரு பெட்டியில் விற்கத்தக்க உலோகம் எங்கெங்கே இருக்கிறது என்று கணக்கெடுத்தோம். கழுத்தின் மேலுள்ள யோக் காயிலில் செம்பு. முகத்தைச் சுற்றி மாலைபோல் கட்டிய டீகாசிங் காயிலில் செம்பு. சிலவற்றில் வண்ணப்பூச்சைச் சுரண்டினால் வெள்ளையாக அலுமினியம் தெரியும். பலகையின் மேல் வெப்பம் தணிக்கும் தகடுகளில் அலுமினியம். ஒலிபெருக்கியில் காந்தமும் இரும்பும். மின்கம்பிகளில் செம்பு. இவை அனைத்தும் குழாய்க்கு வெளியே இருப்பவை! குழாய்க்குள் இருப்பது மெல்லிய இரும்புச் சல்லடையும் அதன் சட்டமும் மட்டுமே. பெட்டியிலேயே மலிவான உலோகத்துக்காகப் பெட்டியிலேயே கொடிய பகுதியை உடைக்கிறோம் என்பது கணக்கில் தெளிவாயிற்று. தந்தையார் அன்று மறுமொழி சொல்லவில்லை. எழுதிய தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிரிக்கும் முறை

பெட்டியைத் திறக்காமல் முழுதாக ஒப்படைப்பதே சிறந்தது. எனினும் இன்றும் சந்துகளில் பெட்டிகள் பிரிக்கப்படுவதால், பிரிப்போர் அறிய வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறேன்.

ஒன்று: பிளக்கைப் பிடுங்கிச் சில நாள் வைத்திருக்க வேண்டும். கண்ணாடி, முகமூடி, தடித்த கையுறை, செருப்புக்குப் பதில் ஷூ ஆகியவை வேண்டும். சிறுவர்கள் அருகில் கூடாது.

இரண்டு: பின்மூடியைத் திருகுகளைக் கழற்றி எடுக்க வேண்டும்; நெம்பவோ அடிக்கவோ கூடாது. கழுத்து மூடிக்கு நேர் பின்னால் இருக்கிறது. குழாயில் அதுவே மிக மெல்லியது.

மூன்று: மெயின் கெப்பாசிட்டரின் இரு முனைகளையும், உறையிட்ட கம்பிகளில் பொருத்திய 2000 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றினால் சில நொடி இணைக்க வேண்டும். 100 மைக்ரோஃபாரட்டும் 2000 ஓமும் சேர்ந்தால் காலமாறிலி 0.2 நொடி, ஒரு நொடியில் ஏறக்குறைய முழுதும் வடிந்துவிடும். திருப்புளியால் நேரே குறுக்கிணைப்பது தவறு. தீப்பொறியும் உலோகத் துளியும் தெறிக்கும். வடிந்ததை மல்டிமீட்டரால் உறுதி செய்ய வேண்டும்.

நான்கு: குழாயின் கூம்பில் ரப்பர்த் தொப்பியின் கீழ் நேர்மின்வாய் உள்ளது. கூம்பின் வெளிப்புறத்தில் இழுத்துக் கட்டிய உறையில்லாத கம்பிப் பின்னல் ஒன்று தெரியும். நல்ல காப்புப் பிடியுள்ள நீண்ட திருப்புளியின் தண்டை ஒரு கம்பியால் அந்தப் பின்னலோடு இணைத்துவிட்டு, அதன் நுனியைத் தொப்பிக்கு அடியில் செலுத்த வேண்டும். மற்றொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். இரு கைகளும் பட்டால் மின்சாரம் மார்பு வழியே பாயும். சில நிமிடம் கழித்து மீண்டும் ஒரு முறை செய்ய வேண்டும். ஏனெனில் கண்ணாடிக்குள் தங்கிய மின்னூட்டம் மெல்லத் திரும்பி வரும். இந்த வேலையைத் தேர்ந்த மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுத் தந்த பிறகே ஒருவர் தனியே செய்யலாம்.

ஐந்து: கழுத்தின் முனையிலுள்ள சிறு பலகையை நேர் பின்புறமாக இழுத்து எடுத்து, யோக் காயிலின் பிடிதிருகைத் தளர்த்தி மெதுவாக உருவ வேண்டும். அசைத்து முறுக்கினால் கழுத்து முறியும்.

ஆறு: குழாயைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது. முகத்தை மார்புப் பக்கம் வைத்து, இரு கைகளாலும் முகத்தின் ஓரங்களைத் தாங்கித் தூக்கி, சாக்கின் மேல் முகங்குப்புற வைக்க வேண்டும். இரும்புப் பட்டை குழாயோடு இருக்கட்டும். அதற்கு மேல் குழாயின் வேலை நம் வேலையன்று.

ஏழு: மின்சுற்றுப் பலகையைச் சுட்டு ஈயப்பற்றை உருக்குவதோ, அமிலத்தில் இடுவதோ கூடாது. முழுதாகக் கட்டி வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தேநீர்க் குவளையைக்கூடத் தொடலாகாது. வேலைச்சட்டையைத் தனியே துவைக்க வேண்டும்.

கம்பியை எரிக்காதீர்!

செம்பின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையை நீக்க எரிப்பது எளிய வழி போலத் தோன்றும். பி.வி.சி. உறையில் குளோரின் இருக்கிறது. அது எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கிறது. அந்த வினைக்குச் செம்பே வினையூக்கியாகவும் அமைகிறது. உடல்நலத்தை விட்டு வணிகத்தை மட்டும் பார்த்தாலும் நட்டமே. எரித்துக் கறுத்த செம்புக்கு, கத்தியால் உரித்துப் பளபளக்கும் செம்பைவிடக் குறைந்த விலைதான். ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து உரித்தால் நுரையீரலும் மிஞ்சும், காசும் மிஞ்சும்.

தட்டைப் பெட்டிகள் வந்துவிட்டதால் கவலை தீர்ந்தது என்பதும் சரியன்று. எல்.சி.டி. பெட்டிகளில் முன்னர் வந்தவற்றின் திரைக்குப் பின்னால் மெல்லிய ஒளிக்குழல்கள் உண்டு. அவற்றில் பாதரசம் இருக்கிறது. எல்.இ.டி. விளக்குடையவற்றில் அது இல்லை.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் மின்னணுக் கழிவுக்கெனத் தனி விதிகள் 2011-ல் வெளியாகி, 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 2016-ல் அவை மாற்றி எழுதப்பட்டன. 2022-ன் புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. பெட்டியைத் தயாரித்து விற்றவரே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்பது இவற்றின் அடிப்படை. கழிவைப் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமே சேர்க்க வேண்டும்.

அப்படியானால் என் தந்தையார் போன்றோர் எங்கே போவர்? டில்லியின் சீலம்பூரிலும் உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத்திலும் இதே தொழிலை நம்பிப் பிழைப்போர் ஏராளம். அவர்களையும் விதிகள் மறந்துவிடவில்லை. இத்தொழிலாளரை அடையாளம் கண்டு பதிவு செய்தல், குழுக்களாக அமைய உதவுதல், பயிற்சி அளித்தல், உடல்நலத்தைக் கண்காணித்தல் ஆகியவை மாநில அரசுகளின் பொறுப்பு என்று விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இதைப் படித்த அன்று, என் தந்தையாரின் தொழிலுக்கும் அரசாங்கத் தாளில் ஓர் இடம் இருக்கிறது என்று அறிந்து நான் மகிழ்ந்தேன். எந்த வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது என்று இந்நகரில் இவர்களைப்போல் அறிந்தவர் இல்லை. சேகரிப்பது இவர்கள் கையிலும், குழாயைக் கையாள்வது பதிவுபெற்ற ஆலையின் கையிலும் இருப்பதே முறை.

இன்றைய நிலையில் குழாய்தான் இடறுகிறது. புதிய படக்குழாய் செய்வது உலகெங்கும் நின்றுபோனதால், பழைய ஈயக் கண்ணாடியை உருக்கி மீண்டும் குழாய் செய்யும் வழி அடைபட்டது. வாங்குவோர் இல்லாத கண்ணாடி காலி மனைக்கும் குப்பைத்தொட்டிக்கும் போகிறது. தென்சென்னையின் குப்பை பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்ட பெருங்குடி மேடு, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இருக்கிறது. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்த நீர்நிலைக்கு நாம் அனுப்ப வேண்டிய பொருள் ஈயமன்று.

நாம் செய்ய வேண்டியது

நண்பர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய பெட்டி இருக்கக்கூடும். அதை முழுதாகவே கொடுங்கள். “குழாயை உடைக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் எது என்று கேட்டறிந்து, தெருவில் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நடையில் அனுப்புங்கள். காயலான் கடை உங்கள் தெருவில் இருந்தால், மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரிந்த நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் அரைமணி நேரம் கற்றுக்கொடுங்கள்.

தந்தையார் பொருள் போடும் கடையில் இப்போது படக்குழாய்கள் உடைபடுவதில்லை. சாக்கின் மேல் முகங்குப்புறப் பதினோரு குழாய்கள் வரிசையாக இருக்கின்றன. கடைக்காரர் இடம் அடைக்கிறது என்று முணுமுணுக்கிறார். அவர் முணுமுணுப்பிலும் நியாயம் உண்டு. இத்தகைய கடைகளின் குழாய்களை ஒன்றாகத் திரட்டி ஆலைக்கு எடுத்துச் செல்லும் வண்டி ஒன்று மாதம் ஒரு முறை வந்தால் போதும். அதற்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கும் அளவுக்குக் கல்லூரி எனக்குத் தமிழும் அறிவியலும் தந்திருக்கிறது. கையெழுத்திட முன்வரும் நண்பர்களை வரவேற்கிறேன்.